புளிக்குத் தாங்கும் போர்டு

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வாயில் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்தேன். என் அம்மா புளியும் தேங்காய் நாருமாக என் மனைவியின் பெயரைத் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தாள்.

வாசல் தூணில் நான் மாட்டியிருந்த போர்டு அது. மேலே என் மனைவியின் பெயர், அடுத்து அவள் படிப்பு, அதற்குக் கீழே வழக்கறிஞர் என்ற சொல். பார்த்தால் அசல் பித்தளை. நானே ரெசின் என்கிற பிசினில் வார்த்து, நானே தங்க நிறம் அடித்தது. அந்தத் தங்கம் இப்போது புளித்தண்ணீரோடு தூணில் ஒழுகி, கீழே கோலத்தின் மேல் போய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. பெயரில் பாதி வெள்ளை, பாதி மஞ்சள். வழக்கறிஞரில் முதல் இரண்டு எழுத்து மட்டும் பிழைத்திருந்தது.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கிறது என்று சொல்வார்கள். மூக்கு வரை ஏறுவதற்கெல்லாம் அதற்குப் பொறுமை கிடையாது, நாக்கிலேயே குடியிருக்கிறது. நுரையைத் துப்பிவிட்டுத் தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். அம்மா நிதானமாகக் கையைக் கழுவினாள்.

"பித்தளைன்னுதானல சொன்ன. பித்தளைன்னா வெள்ளிக்கிழமை புளி போட்டுத்தான தேய்க்கணும்? குத்துவிளக்கு தேய்ச்சேன், செம்பு தேய்ச்சேன், அப்படியே மருமக பேரையும் பளிச்சுன்னு ஆக்குவோம்னு வந்தேன்."

"பித்தளை இல்லம்மா. பித்தளை மாதிரி."

"மாதிரின்னா?"

எங்கள் பாளையங்கோட்டையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டி நியாயம் கேட்டாலும் அம்மா பக்கம்தான் தீர்ப்பு வரும். மஞ்சளாக மின்னுகிற ஒன்றை வெள்ளிக்கிழமை தேய்க்காமல் விட இங்கே யாருக்கும் கை வராது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்துகொண்டு அதை யோசிக்காமல் போர்டு செய்தவன்தான் கோட்டிக்காரன்.

எனக்குத் தொழிலே போர்டுதான். வண்ணாரப்பேட்டையில் கடை. ஃப்ளெக்ஸ், ஸ்டிக்கர், வண்டி நம்பர் பிளேட், கல்யாணத்துக்கு வாழ்த்து, சாவுக்குக் கண்ணீர் அஞ்சலி. ஊரில் யார் பெயரை எங்கே மாட்ட வேண்டும் என்றாலும் என்னிடம் வருவார்கள். ஆனால் என் வீட்டு வாசலில் மாட்ட வேண்டிய ஒரு பெயர் என்னை அலைக்கழித்த மாதிரி வேறு எதுவும் அலைக்கழித்ததில்லை.

என் மனைவி சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது எங்கள் மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தான். சொந்தத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று படித்தாள். பிறகு ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தாள். ஜூனியர் என்றால் வேறொன்றும் இல்லை. கட்டுக் கட்டாகக் காகிதம் சுமக்க வேண்டும், நீதிபதி முன்னால் நின்று வாய்தா வாங்க வேண்டும், சீனியர் வரும்வரை கட்சிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். இப்படிச் சில வருஷம். கடைசியில் ஒரு ஆனி மாதம், தனியாகத் தொழில் செய்யப்போகிறேன் என்று வெளியே வந்துவிட்டாள். எங்கள் வீட்டு முன் அறையை ஒழித்து ஒரு மேஜை போட்டோம், நாற்காலிகள் போட்டோம், சட்டப் புத்தகங்களை அடுக்கினோம்.

யாரும் வரவில்லை. அப்படிச் சொல்வதும் சரியில்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள். பாகப்பிரிவினை பற்றி மணிக்கணக்கில் யோசனை கேட்டார்கள், காப்பி குடித்தார்கள், பிறகு கேஸை வேறொரு ஆண் வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "தைப் பொங்கல் வரைக்கும் பாக்குதேன். எனக்குன்னு ஒரே ஒரு கேஸ் வந்தாப் போதும், நின்னுருவேன். வரலைன்னா சீனியர்கிட்டயே திரும்பப் போயிருதேன்."

திரும்பப் போவது ஒன்றும் பாவம் இல்லை. ஆனால் அவள் அதைச் சொன்னபோது தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சண்டையில்கூட என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவள் அவள். அவளுக்காக என்னால் நீதிமன்றத்தில் பேச முடியாது. போர்டு செய்ய முடியும். அன்றைக்கே முடிவு செய்தேன்.

"ஃப்ளெக்ஸ்ல ஒண்ணு அடிச்சு மாட்டுங்களேன்" என்றாள்.

"எட்டாம் மாசம் வெளுத்துப் போற சவத்தை என் வாசல்லயா? ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன் எனக்குத் தெரியாதா அது லெட்சணம்."

பழைய வக்கீல் வீடுகளில் பித்தளைப் போர்டு இருக்கும். எழுத்து மேடாக எழும்பி நிற்கும். அதைப் பார்த்தாலே உள்ளே இருப்பவர் நாலு கேஸ் ஜெயித்தவர் என்று தோன்றும். அப்படி ஒன்றுதான் வேண்டும் என்று நான் நின்றேன். அவள் தன் பங்குக்குச் சட்டம் பேசினாள். போர்டு ரொம்பப் பெரிதாக இருக்கக் கூடாது, பெருமை எதுவும் எழுதக் கூடாது, பெயரும் படிப்பும் வழக்கறிஞர் என்பதும் போதும் என்றாள். சரி என்றேன்.

அப்படிச் செய்ததுதான் புளியில் கரைந்தது. மரத்தில் எழுத்தைச் செதுக்கி, அதிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, வெறும் பிசினை ஊற்றி, மேலே தங்கப் பெயின்ட் அடித்து, அதன் மேல் வார்னிஷ். கடைகளுக்குள்ளே மாட்டுகிற போர்டுக்கு அது தாராளமாகப் போதும். அங்கே யாரும் புளியோடு வருவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலையே அசல் பித்தளையில் வார்த்துவிடுவது என்று ஒரு பட்டறைக்குப் போனேன். பெட்டியில் மண்ணை இடித்து நிரப்பி, அதில் மர அச்சை அழுத்தி எடுத்து, அந்தக் குழியில் காய்ச்சிய பித்தளையை ஊற்றுவார்கள். பட்டறைக்கார அண்ணாச்சி என் மர அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுழி நிறைய இருக்கே வே. இங்கிலீஷ் எழுத்துன்னா கோடு கோடா வந்துரும். இது மண்ணுல நிக்கணுமே."

"நிக்க வையுங்க அண்ணாச்சி."

"நிக்க வைக்கலாம். எழுத்தைப் பெருசாக்கணும், சுழியை அகலப்படுத்தணும். பொறவு போர்டும் பெருசாவும்."

பெரிதாக்க என் வீட்டு வக்கீல் விட மாட்டாள். இருக்கிற அளவிலேயே ஒன்று ஊற்றித் தரச் சொன்னேன். ஊற்றினார். மண் சுழிக்குள் உதிர்ந்துவிட்டது. எழுத்தெல்லாம் கண் வீங்கினவன் மாதிரி அடைத்துக்கொண்டு நின்றது. கனமும் அதிகம். எங்கள் தூணோ தாத்தா காலத்துச் சுண்ணாம்புத் தூண், ஆணி அடித்தாலே பொருக்கு விடும்.

"போதாக்குறைக்கு வாசல்லயா மாட்டப்போறீரு?" என்றார் அண்ணாச்சி. "தண்ணிக் குழாயையே கழத்திட்டுப் போறானுவ."

வந்த கோபத்துக்கு அங்கேயே போட்டுவிட்டு வந்திருப்பேன். பித்தளையாயிற்றே என்று தூக்கிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியும், செய்து பார்த்ததில்லை. பித்தளையைப் பொடியாக வாங்கி, அதைப் பிசினிலேயே குழைத்து, ரப்பர் அச்சுக்குள் முதல் பூச்சாகப் பூச வேண்டும். அது இறுகியதும் பின்னால் சலவைக்கல் பொடி கலந்த பிசினால் நிரப்ப வேண்டும். உலை இல்லை, தீ இல்லை. அச்சு ரப்பர் என்பதால் எவ்வளவு சின்னச் சுழியும் அப்படியே வரும். கனமும் குறைவு. முகத்தில் இருப்பது பெயின்ட் இல்லை, நிஜப் பித்தளை, பொடியாக.

பொடி தபாலில் வந்தது. அதற்குப் பிறகு என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்தது ஒரு கூத்து. கேட்டால் ஆவணி மாதம் என்பார்கள், வெயில் சித்திரையாகக் காய்ந்தது. பிசின் இறுகுவதற்கு ஒரு மருந்து கலக்க வேண்டும். போத்தலில் போட்டிருந்த அளவுக்குக் கலந்தேன். பூசுவதற்குள் டப்பாவிலேயே கொதித்து, புகைந்து, வெடித்துக் கல்லாகிவிட்டது. அந்த அளவைச் சொன்னவன் திருநெல்வேலியைப் பார்த்ததே இல்லை. மருந்தைக் குறைத்து, விடிகாலையில் கலந்தேன். இறுகியது. ஆனால் பொடி போதவில்லை, அச்சிலிருந்து எடுத்தால் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு நிறம். அடுத்ததில் பொடியை அள்ளிப் போட்டேன். பிசின் பிடிக்காமல் பொரிமாவாக உதிர்ந்தது. நாற்றம் வேறு. அம்மா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, "இதுக்கு நான் புளி போட்டுத் தேய்ச்சதே தேவலைல்லா" என்றாள்.

இட்லி மாவுக்கு ஒரு பதம் இருக்கிறதல்லவா, கரண்டியிலிருந்து விழுந்தும் விழாமலும் நிற்குமே, அந்தப் பதத்தில் ஒரு நாள் பொடியும் பிசினும் கூடி வந்தது. பூசினேன். நிரப்பினேன். மறுநாள் அச்சை உரித்தால் மங்கலாக, மண்ணில் புதைத்த காசு மாதிரி இருந்தது. பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை எடுத்து எழுத்தின் மேல் தேய்த்தேன். மேலே மூடியிருந்த பிசின் தோல் போயிற்று. அடியிலிருந்து மஞ்சள் ஒளி மெல்ல ஏறி வந்தது. உள்ளேயே இருந்த பித்தளை அது. நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு தொழிலில் சந்தோஷப்பட்டேன். ஃப்ளெக்ஸ் மெஷின் முன்னால் நின்று யாரும் அப்படிச் சந்தோஷப்பட முடியாது.

இருந்தாலும் என் அம்மாவின் பரீட்சை பாக்கி இருந்தது. பெயின்ட் அடித்த துண்டு ஒன்றையும், பொடி வார்ப்புத் துண்டு ஒன்றையும் அவளிடம் கொடுத்தேன். "உனக்குத் தோணின மாதிரி தேயி." சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் தேய்த்தாள். பெயின்ட் துண்டு மூன்றாவது இழுப்பில் வெளுத்தது. பொடித் துண்டு தேய்க்கத் தேய்க்க மின்னியது.

"இது வருதுல்லா" என்றாள் அம்மா.

வழி முடிவாயிற்று. அதே அச்சில் போர்டை வார்த்தேன். தேய்த்து, பள்ளத்தில் கறுப்பு மை ஏற்றித் துடைத்து, மனைவியிடம் காட்டினேன். விரலால் எழுத்துகளைத் தடவினாள். முகம் மலர்ந்தது. உடனே வக்கீல் புத்தியும் வந்துவிட்டது.

"பாத்தா பித்தளை, உள்ள பிசின். வக்கீல் வாசல்ல இது பொய் ஆயிராதா?"

"ஏட்டி, நான் என்ன கோர்ட்டுல சத்தியம் பண்ணியா மாட்டுதேன்?"

"யாராவது பித்தளையான்னு கேட்டா நான் இல்லைன்னுதான் சொல்லுவேன்."

சொல்லவும் செய்தாள். விஜயதசமி அன்று சந்தனம் குங்குமம் வைத்து மாட்டினோம். எதிர்வீட்டில் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் வந்து, "பழைய காலத்துப் பித்தளை மாதிரி கனமா இருக்கே" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்துவதற்குள் இவள் குறுக்கே வந்து, "பித்தளை இல்ல மாமா, பிசின்ல பித்தளைப் பொடி" என்று ஒப்பித்தாள். அவர் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். டொக் என்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெள்ளிதோறும் அம்மா தேய்த்தாள். போர்டு வாரத்துக்கு வாரம் பொலிந்தது. கேஸ் மட்டும் வரவில்லை. ஐப்பசி போயிற்று. காலையில் குளித்து, வெள்ளைப் புடவை உடுத்தி, முன் அறையில் உட்கார்ந்து, சாயங்காலம் எழுந்து வருவாள். நான் கடையிலிருந்து போன் பண்ணி, "ஆராவது வந்தாகளா?" என்று கேட்பதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன்.

கார்த்திகையில் விடாமல் மழை பெய்த ஒரு ராத்திரி முடிந்து காலையில் பார்த்தால், தூணில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. போர்டைக் காணோம்.

நான் குதித்த குதியைத் தெருவே வேடிக்கை பார்த்தது. சட்டையை மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். மனைவி வாசலை மறித்தாள்.

"வேண்டாம். வக்கீல் வீட்டு போர்டு திருட்டுப் போச்சுன்னு வக்கீலே போய் நின்னா சந்தி சிரிச்சுரும். புகார் கொடுக்க வேண்டாம்."

"அப்ப சும்மா விடச் சொல்லுதியா?"

"இத்தனை மாசத்துல அந்த போர்டைப் பாத்து வந்த ஒரே ஆளு திருடன்தான்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள். அவளைத் தேற்றத் தெரியாமல், "பித்தளைன்னு நம்பித்தான தூக்கியிருக்கான், பாத்துக்க, அவ்வளவு அசலா வந்திருக்கு" என்றேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று மத்தியானமே சீனியருக்குப் போன் போட்டாள். பொங்கல் கழித்து வருகிறேன் என்று சொன்னாள். அவர் நல்ல மனிதர், தாராளமாக வாம்மா என்றார். அவர் நல்ல மனிதராக இருந்ததும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. அச்சு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, இன்னொன்று வார்த்து விடிவதற்குள் மாட்டிவிடுகிறேன் என்றேன். "திரும்பப் போற ஆளுக்கு எதுக்குங்க போர்டு" என்றாள். அதன் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. வெறுந்தூணைப் பார்க்கப் பிடிக்காமல், கடைக்குப் போகும்போது நான் அந்தப் பக்கம் திரும்பாமலேயே வண்டியை எடுத்தேன்.

மார்கழியில் ஒரு காலை. கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் ஒரு துணிப்பை, கனமாகத் தொங்கியது.

"வக்கீலம்மா வீடு இதானா?"

முன் அறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். வந்தவள் உள்ளே வந்து, பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தது எங்கள் போர்டு. ஓரத்தில் அரத்தால் ராவிய தடம் இருந்தது. மற்றபடி முழுசாக இருந்தது.

"இது உங்க போர்டுதானா பாருங்கம்மா. என் வீட்டுக்காரருதான் எடுத்தாந்தாரு. நான் சொல்லுததைக் கேட்டுட்டுப் பொறவு ஏசுங்க."

நான் வாயைத் திறந்தேன். மனைவி என் பக்கம் திரும்பாமலேயே கையை உயர்த்தினாள். மூடிக்கொண்டேன்.

அவர்களுக்கு ஊர் ராதாபுரம் பக்கம். இங்கே வாடகை வீட்டில் இருக்கிறார்கள். கணவன் கிடைத்த வேலைக்குப் போகிறவன், வேலை கிடைக்காத மழைநாளில் இதைக் கழற்றியிருக்கிறான். பழைய இரும்புக் கடைக்காரர் ஓரத்தை ராவிப் பார்த்து, உள்ளே பிசின் என்று தூக்கி எறிந்திருக்கிறார். அதன் பிறகு அது அவர்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்திருக்கிறது.

"முந்தாநாத்து அவரைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்கம்மா. யாரு தோட்டத்துலயோ தண்ணி மோட்டாரு காணாமப் போச்சாம். அதை அவரு எடுக்கல. இதை எடுத்தாரு, நான் இல்லைங்கல. அதை எடுக்கல."

"ஏம்மா, என் வாசல்ல கை வச்சவனுக்கு என் வீட்டுலயே வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"அதுக்கு யாரும் புகார் கொடுக்கலைல்லா" என்றாள் என் மனைவி. "அது கேஸே இல்ல. நீ சொல்லும்மா."

"எனக்கு வக்கீல் ஆரையும் தெரியாது. ஆம்பளைங்க முன்னாடி போய் நின்னு இதெல்லாம் சொல்ல வாய் வராது. கட்டிலுக்கடியில பாத்தா, இதுல பொம்பளைப் பேரு இருந்துது. ஸ்டேஷனுக்குப் போய் அவருகிட்டயே, இதை எந்தத் தெருவுல எடுத்தீங்கன்னு கேட்டுக்கிட்டு வந்தேன்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அழுதுவிடுவாள் என்று பயந்தேன். எனக்குத்தான் கண் கலங்கியது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள், பேனாவின் மூடியைத் திறந்தாள்.

"எந்த ஸ்டேஷன்?"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. சத்தம் இல்லாத, அவசரம் இல்லாத குரல். வந்தவள் அந்தக் குரலைக் கேட்டதும் நாற்காலியில் நன்றாக உட்கார்ந்தாள். எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள், எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேள்வி வந்தது. நானும் சுவாரசியமாகச் சுவரில் சாய்ந்து நின்றேன். மனைவி எழுதுவதை நிறுத்தினாள்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நானா?"

"கட்சிக்காரங்க வக்கீல்கிட்ட பேசுததை மூணாவது ஆள் கேக்கக் கூடாது."

"ஏட்டி, நான் உன் புருஷன்."

"அதான் சொல்லுதேன். போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."

மேஜையிலிருந்து போர்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். வெளியே வந்து, என் வீட்டுக் கதவை நானே என் முகத்துக்கு முன்னால் சாத்தினேன். வேறு யார் என்னை அப்படி வெளியே அனுப்பியிருந்தாலும் அன்று அந்தத் தெரு தாங்கியிருக்காது. ஆனால் எனக்கு நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது. போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூடிய கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவள் குரல் கேட்டது, என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை.

அடுப்படியிலிருந்து அம்மா உரக்கக் கூப்பிட்டாள். "ஏல, ஆரு வந்திருக்கா?"

"கட்சிக்காரங்க வந்திருக்காக" என்றேன். "சத்தம் போடாத."